தலைவர் போனால் சந்தா என்னாகும்? மட்டக்களப்பு, அம்பாறைக் கடைகளுக்கான ஏஐ சேவைகள் பற்றிய மதிப்பீடு

மட்டக்களப்பு நகரத்து அச்சகங்களிலும், கல்முனைக் கணக்கு அலுவலகங்களிலும், ரியூட்டரிகளிலும் சாட்ஜிபிடி போன்ற ஏஐ சேவைக்கு மாதம் 20 டொலர் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நம் காசில் அது 6,000 ரூபாவை ஒட்டி வரும். எது தமிழை வடிவாக எழுதுகிறது, எது கெதியாகப் பதில் தருகிறது என்ற ஒப்பீடுகளுக்குக் குறைவில்லை. இந்த மதிப்பீடு வேறொரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகிறது. கம்பனியின் தலைவரை நீக்கிவிட்டார்கள், முக்கியமான பொறியியலாளர்கள் கூட்டமாக விலகிவிட்டார்கள் என்று செய்தி வருகிறதே, அப்போது நீங்கள் கட்டிய காசும் அந்தச் சேவைக்குள் சேர்த்து வைத்த வேலையும் என்ன ஆகின்றன?

முடிவை முன்னாலேயே சொல்லிவிடலாம். பெரிய கம்பனிகளின் அரட்டைச் சேவையை மாதச் சந்தாவில் பாவிப்பதில் இந்த விடயத்துக்காகப் பயப்படத் தேவையில்லை. சின்னக் கம்பனியின் கருவிக்கு ஒரு வருடக் காசை மொத்தமாகக் கட்டவே கூடாது. கோப்பாக இறக்கி உங்கள் கொம்பியூட்டரிலேயே வைத்துக்கொள்ளக்கூடிய மொடல், அதாவது விடையை ஆக்கித் தரும் ஏஐ மூளைதான் யார் வந்தாலும் போனாலும் அசையாமல் இருக்கும். ஆனால் தமிழில் அது இன்னும் பின்னால்தான் நிற்கிறது.

பெரிய கம்பனிக்குச் சோதனை வந்தது 2023 நவம்பர் 17, வெள்ளிக்கிழமை. சாட்ஜிபிடியைச் செய்யும் ஓபன்ஏஐயின் பணிப்பாளர் சபை, தலைவர் சாம் ஆல்ட்மனை நீக்கியது. தங்களோடு எப்போதும் ஒளிவுமறைவின்றிப் பேசவில்லை என்பதே சபை சொன்ன காரணம். மீரா முராத்தி இடைக்காலத் தலைவரானார். இணை நிறுவுநர் கிரெக் புரொக்மன் அன்றே விலகினார். அடுத்த இரண்டு நாளுக்குள் எம்மெட் ஷியர் இன்னொரு இடைக்காலத் தலைவராக வந்தார். ஏறத்தாழ 770 ஊழியர்களில் 700க்கு மேற்பட்டோர், ஆல்ட்மன் திரும்பாவிட்டால் நாங்கள் மைக்ரோசொஃப்டுக்குப் போய்விடுவோம் என்று கையெழுத்து வைத்தார்கள். ஐந்து நாளுக்குள் அவர் திரும்புவதென்று உடன்பாடாயிற்று.

முதலீட்டாளருக்குத் தெரியாமல் ஒரு சபையால் இப்படிச் செய்ய முடிந்ததற்குக் காரணம் அந்தக் கம்பனியின் கட்டமைப்பு. மேலே இருந்தது இலாப நோக்கற்ற அமைப்பு. காசு போட்டவர்களுக்கு அந்தச் சபையில் கதிரை இல்லை. ஊழியர்கள் அவ்வளவு ஒற்றுமையாக நின்றதற்குப் பாசம் மட்டும் காரணம் என்று நினைக்க வேண்டாம். கம்பனியின் பெறுமதியை 86 பில்லியன் டொலராகக் கணித்து, ஊழியர்கள் தங்கள் பங்குகளை விற்கும் ஏற்பாடு ஒன்று அந்த நேரத்தில் கைகூட இருந்தது. கம்பனி உடைந்தால் அதுவும் போயிருக்கும்.

அந்த ஐந்து நாளும் சாட்ஜிபிடி ஓடிக்கொண்டுதான் இருந்தது. சேவை அப்போது ஓடியது மைக்ரோசொஃப்டின் சேர்வர்களில். மொடல்களைப் பாவிக்கும் உரிமமும் மைக்ரோசொஃப்டிடம் இருந்தது. அந்த வாரத்தில் புதிதாகக் காசு கட்டிச் சேர முயன்றவர்களுக்குக் கதவு மூடியிருந்தது உண்மைதான். ஆனால் அந்த நிறுத்தம் நவம்பர் 14 அளவிலேயே, கூட்டம் தாங்காமல் அறிவிக்கப்பட்டது. டிசம்பர் 13இல் திரும்பத் திறந்தார்கள். நீக்கத்தோடு அதை முடிச்சுப் போடக்கூடாது.

அதற்குப் பிறகுதான் ஓபன்ஏஐயின் முன்னணி ஆய்வாளர்களினதும் பொறுப்பாளர்களினதும் உண்மையான வெளியேற்றம் தொடங்கியது. 2024 பெப்ரவரியில் அந்த்ரே கர்பாதி, மே மாதம் இலியா சட்ஸ்கெவரும் யான் லைக்கேயும், ஓகஸ்டில் ஜோன் ஷுல்மன், செப்டெம்பரில் ஒரே நாளில் மீரா முராத்தி, பொப் மக்ரூ, பரெட் சொஃப். லைக்கேயும் ஷுல்மனும் க்ளோட் என்ற அரட்டைச் சேவையைச் செய்யும் அந்த்ரோபிக்கில் சேர்ந்தார்கள். சட்ஸ்கெவர் சேஃப் சூப்பர்இன்டெலிஜென்ஸ் என்ற கம்பனியைத் தொடங்கினார். முராத்தி 2025இல் திங்கிங் மெஷின்ஸ் லாப்பைத் தொடங்கினார். ஷுல்மனும் அந்த்ரோபிக்கை விட்டு அங்கே போனார். சட்ஸ்கெவரும் லைக்கேயும் நடத்திய பாதுகாப்பு ஆய்வுக் குழுவுக்குக் கம்பனி அதுவரை பெற்றிருந்த கணினி வலுவில் 20% தருவதாக 2023 ஜூலையில் பகிரங்கமாகச் சொல்லியிருந்தார்கள். ஒரு வருடம் முடியுமுன் அந்தக் குழுவே கலைக்கப்பட்டது. பிள்ளைகளுக்கும் நோயாளிகளுக்கும் இந்தக் கருவிகளைக் கொடுக்க நினைக்கிற பாடசாலையோ கிளினிக்கோ கவனிக்க வேண்டிய செய்தி இது. கம்பனியின் பாதுகாப்பு வாக்குறுதி ஒரு குழுவின் பேரில் நிற்கிறது என்றால், அந்தக் குழு இன்றைக்கும் இருக்கிறதா என்று பார்க்காமல் அதை நம்பக்கூடாது.

கடைக்காரர் கண்ணில் பட்டது வேறு. சட்ஸ்கெவர் விலகுவதாக அறிவித்தது 2024 மே 14. அதற்கு முதல் நாள்தான் ஜிபிடி-4ஓ வெளிவந்தது. அந்த மொடலின் புதிய சொல்வெட்டு முறை (எழுத்தை டோக்கன் எனும் சிறு துண்டுகளாக வெட்டும் முறை), கம்பனி எடுத்துக்காட்டிய ஒரு தமிழ் வாக்கியத்தை 116 டோக்கன்களிலிருந்து 35 ஆகக் குறைத்தது. டோக்கன் கணக்கில் காசு கட்டுகிறவருக்கு இது மூன்றில் ஒரு பங்குச் செலவு. தலைப்புச் செய்தியில் கம்பனி ஆட்டம் கண்ட அதே வாரத்தில்தான் தமிழ்ப் பாவனையாளருக்கு அதிக நன்மை கிடைத்தது.

மாறாக, யாரும் விலகாத ஒரு நாளில் வேலை குழம்பியது. 2025 ஓகஸ்ட் 7இல் ஜிபிடி-5 வந்தபோது சாட்ஜிபிடியின் தெரிவுப் பட்டியலிலிருந்து பழைய மொடல்களை ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள். பாவனையாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு, சில நாளில் காசு கட்டுகிறவர்களுக்கு மட்டும் 4ஓ திரும்பி வந்தது. ஆகவே அன்றாட வேலைக்கு ஆபத்து தலைவரின் கதிரையில் இல்லை, மொடலை மாற்றும் திகதியில் இருக்கிறது.

ரியூசன் ஆசிரியர்கள் இதை எதிர்கொள்ள வழி உண்டு. உங்களுக்கு நல்ல விடை கிடைத்த 20 கேள்விகளை, கொடுத்த அறிவுறுத்தலோடும் வந்த விடையோடும் ஒரு வேர்ட் கோப்பில் சேமித்து வையுங்கள். மொடல் மாறியது தெரிந்ததும் அதே 20ஐயும் புதிய உரையாடலில் திரும்பக் கொடுங்கள். மூன்று விடயங்கள் அடிக்கடி கெடும். ஒன்று, இலங்கைப் பாடநூல் கலைச்சொல்லை விட்டு இந்தியப் பாடநூல் சொல்லுக்குத் தாவுவது. "ஒளித்தொகுப்பு" என்று கேட்டால் "ஒளிச்சேர்க்கை" என்று தரும். இரண்டு, பல்தேர்வு வினாக்களில் இலக்கமிடும் முறை மாறி, வேர்டில் ஒட்டும்போது வரிகள் சிதறுவது. மூன்று, சரியான விடை எப்போதும் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வந்து விழுவது. முதலாவதுக்கு, பாட அலகின் கலைச்சொல் பட்டியலை அறிவுறுத்தலிலேயே ஒட்டிவிட்டால் பெரும்பாலும் தீரும். இரண்டாவதுக்கு, முடிந்த ஒரு வினாவை மாதிரியாகக் கொடுங்கள். மூன்றாவதை நீங்களே கையால் மாற்றுவதுதான் கெதி. மொடலிடம் சொன்னால் ஒழுங்கை மாற்றும்போது விடைத்தாளைப் பிழையாக்கிவிடும்.

இனிச் சின்னக் கம்பனிகள். இங்கேதான் ஆள் போவது வாடிக்கையாளரை நேராக அடிக்கிறது.

இன்ஃப்ளெக்சன் ஏஐ 2023 ஜூனில் 1.3 பில்லியன் டொலர் திரட்டியது. பை என்ற அவர்களின் அரட்டைக் கருவி மென்மையாகக் கதைக்கிறது என்று பேரெடுத்தது. 2024 மார்ச்சில் நிறுவுநர் முஸ்தபா சுலைமானும் கரேன் சிமொன்யானும் ஊழியர்களில் பெரும்பாலானோரும் மைக்ரோசொஃப்டுக்குப் போனார்கள். மொடல் உரிமத்துக்காகவும் அதோடு சேர்ந்தவைக்காகவும் மைக்ரோசொஃப்ட் 650 மில்லியன் டொலர் அளவு கொடுத்ததாகச் செய்திகள் வந்தன. கம்பனி மூடப்படவில்லை, புதிய தலைவரோடு நிறுவனங்களுக்கு விற்கும் தொழிலுக்குத் திரும்பியது. அந்த வருட ஓகஸ்டில் பையின் இலவசப் பாவனைக்கு வரம்பு வந்தது. அதே ஓகஸ்டில் கரக்டர் ஏஐ (Character.AI) என்ற அரட்டைக் கம்பனியின் நிறுவுநர்கள் நோம் ஷசீரும் டேனியல் டி ஃப்ரெய்டாசும் கூகுளுக்குப் போனார்கள். 2024 ஜூனில் அடெப்ட் கம்பனியின் டேவிட் லுவான் தன் குழுவில் பலரோடு அமேசனுக்குப் போயிருந்தார்.

எல்லாவற்றிலும் ஒரே அச்சு: பெரிய கம்பனி சின்னக் கம்பனியை வாங்குவதில்லை, தொழில்நுட்பத்துக்கு உரிமம் எடுத்துக்கொண்டு ஆட்களை மட்டும் வேலைக்கு எடுக்கிறது. முழுதாக வாங்கினால் போட்டிச் சட்ட அதிகாரிகளின் பரிசீலனைக்கு நேரம் போகும், தடையும் வரலாம். உரிமமும் ஆட்சேர்ப்புமாகப் பிரித்தால் சில நாளில் முடிந்துவிடும். பிரித்தானியப் போட்டி ஆணையம் இன்ஃப்ளெக்சன் விடயத்தை ஒரு இணைப்பாகவே கணித்து விசாரித்து, 2024 செப்டெம்பரில் தடையில்லை என்று விட்டது. வாடிக்கையாளருக்கு இதன் பொருள் என்னவென்றால், முழுக் கொள்வனவில் உங்கள் சந்தா ஒப்பந்தமும் வாங்கியவரிடம் போகும். இந்த முறையில் ஒப்பந்தம் பழைய கம்பனியிடமே இருக்கும், அதைச் செய்து தந்த மூளைகள் மட்டும் போய்விடும். பிழை திருத்துவதற்கு ஆளில்லாத பொருளுக்கு நீங்கள் தொடர்ந்து காசு கட்டுவீர்கள்.

மென்பொருள் எழுதும் இளைஞர்களுக்கு, நிரல் எழுத உதவும் விண்ட்சேர்ஃப் என்ற கருவி நினைவிருக்கும். 2025 ஜூனில் அந்த்ரோபிக் அவர்களுக்கு க்ளோட் மொடல்களை நேரடியாக வழங்குவதைக் கடுமையாகக் குறைத்தது. ஓபன்ஏஐ அதை வாங்கப்போகிறது என்ற செய்தியே பின்னணி. ஜூலை நடுப்பகுதியில் அந்த 3 பில்லியன் டொலர் விற்பனை கைவிடப்பட, தலைவர் வருண் மோகனும் சிலரும் கூகுளுக்குப் போனார்கள்; கூகுள் உரிமத்துக்கும் ஆட்களுக்குமாக 2.4 பில்லியன் டொலர் கொடுத்தது. அடுத்த திங்கட்கிழமை மிச்சக் கம்பனியைக் கொக்னிஷன் என்ற இன்னொரு கம்பனி வாங்கியது. ஒரு வார இறுதிக்குள் கருவி கைமாறியது. மற்றவரின் மொடலை வாங்கி, மேலே ஒரு முகப்பைப் பூட்டி விற்கும் எந்தச் சேவைக்கும் இந்த இரட்டை ஆபத்து உண்டு: மூலப் பொருள் தருகிறவர் நிறுத்தலாம், முகப்பைச் செய்தவரும் போகலாம். இந்த வகைச் சேவைகளுக்கு எங்களிடம் மிகக் குறைந்த புள்ளிதான்.

ஏஐ கருவியைப் பொருளாக வாங்க நினைப்பவர்கள் ஹியூமேன் பின்னைப் பார்க்க வேண்டும். 699 டொலருக்கு விற்ற, சட்டையில் குத்தும் கருவி. 2025 பெப்ரவரியில் எச்பி 116 மில்லியன் டொலருக்கு ஆட்களையும் மென்பொருளையும் வாங்கியது, கருவியை வாங்கவில்லை. பெப்ரவரி 28ஆம் திகதியோடு அந்தப் பின்கள் சேர்வரோடு பேசுவதை நிறுத்தின. பழைய வாடிக்கையாளர்களில் பெரும்பாலானோருக்குக் காசு திரும்பவில்லை. சேர்வர் இல்லாமல் இயங்காத எந்த ஏஐ கருவியையும், கொழும்பிலிருந்து யாராவது மலிவாகக் கொண்டுவந்து தந்தாலும், இந்த ஒரு உதாரணத்துக்காகவே வாங்க வேண்டாம்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பவை திறந்த மொடல்கள், அதாவது கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளக்கூடியவை. சிறந்த சான்று விஸ்பர். பேச்சை எழுத்தாக்கும் இந்த மொடலை ஓபன்ஏஐ 2022 செப்டெம்பரில் கோப்பாகவே வெளியிட்டது. அதன் முதன்மை ஆய்வாளர் அலெக் ராட்ஃபோர்ட் 2024 இறுதியில் கம்பனியை விட்டு விலகினார். உங்கள் வன்தட்டில் இருக்கும் கோப்புக்கு அந்தச் செய்தி தெரியாது; அது நேற்றுப் போலவே இன்றும் வேலை செய்யும். மாரி காலத்தில் நவம்பர், டிசம்பரில் இணையம் அறுந்த பொழுதிலும் லப்டொப் பற்றரி இருக்கும் வரை ஓடும். கூட்டக் குறிப்பு எழுதும் சங்கங்களுக்கும், நேர்காணல் எடுக்கும் ஊர்ச் செய்தியாளருக்கும், வாய்மொழி வரலாறு சேர்க்கும் கிழக்குப் பல்கலைக்கழக மாணவருக்கும் நாங்கள் முழு மனதோடு சிபாரிசு செய்வது இதைத்தான்.

பெரிய வடிவம் ஏறத்தாழ 3 ஜிபி, நடுத்தர வடிவம் 1.5 ஜிபி. கிராபிக்ஸ் காட் இல்லாத கொம்பியூட்டரில் விஸ்பர் சிபிபி (whisper.cpp) என்ற வடிவத்தைப் பாவியுங்கள். ஒலிப்பதிவை முதலில் 16 கிலோஹேர்ட்ஸ், ஒற்றைத் தடமாக மாற்றுங்கள். மொழியைத் தமிழ் என்று நீங்களே குறிப்பிடுங்கள். தானாகக் கண்டுபிடிக்க விட்டால் தொடக்கத்தில் ஆங்கிலமோ பாட்டோ வரும்போது வேறு மொழியாக எடுத்துக்கொள்ளும். அமைதியான இடங்களில் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதும், சொல்லாத வசனத்தையும் இட்டுக்கட்டும். அமைதியை வெட்டிவிட்டு, பதிவைப் பத்து நிமிடத் துண்டுகளாக்கிக் கொடுத்தால் இது வெகுவாகக் குறையும். மட்டக்களப்புப் பேச்சு வழக்கை, "மறுகா", "கிறுகி" போன்றவற்றை, அது பிழையாகத்தான் எழுதும். கையால் திருத்த நேரம் ஒதுக்குங்கள்.

அச்சகங்களுக்குப் படம் வரையும் மொடல். ஸ்டெபிலிற்றி ஏஐ 2022 ஓகஸ்டில் ஸ்டேபிள் டிஃபியூஷனை வெளியிட்டது. 2024 மார்ச்சில் தலைவர் எமாத் மொஸ்தாக் விலகினார். மொடலைச் செய்த ரொபின் ரொம்பாக்கும் சகாக்களும் அந்தக் காலத்திலேயே வெளியேறினார்கள். ஜூனில் வந்த மூன்றாம் பதிப்பு மனித உடலைக் கோணலாக வரைந்தது. உரிம நிபந்தனையும் தொழில் செய்வோருக்கு உவப்பாக இல்லை. ஜூலையில் நிபந்தனையைத் தளர்த்தி, வருட வருமானம் 1 மில்லியன் டொலருக்குக் குறைந்தவர்கள் இலவசமாகப் பாவிக்கலாம் என்றார்கள். வெளியேறியவர்கள் பிளாக் ஃபொரஸ்ட் லாப்ஸ் என்ற பெயரில் ஓகஸ்டில் ஃப்ளக்ஸ் மொடலைத் தந்தார்கள். அதன் ஷ்னெல் வடிவத்துக்கு அப்பாச்சி உரிமம், கடைத் தொழிலுக்குத் தடையில்லை. ஆள் பிரிந்ததால் பழைய கம்பனியின் தரம் விழுந்ததையும், அதே ஆட்களின் கைவண்ணம் வேறு பெயரில் திரும்பி வந்ததையும் கண்முன்னே காட்டிய விடயம் இது. அச்சகக்காரர் கம்பனிப் பெயரை விட்டு, செய்தவர் எங்கே போனார் என்று பார்ப்பது இலாபம்.

நடைமுறையில் ஒரு கணக்கு. 1024 புள்ளி அகலப் படத்தைப் பத்தடி ஃப்ளெக்ஸ் பெனரில் அடித்தால் அங்குலத்துக்கு எட்டுப் புள்ளிதான் கிடைக்கும். முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். நான்கு மடங்கு பெருப்பித்தால் 34 வரும், வீதியோரம் தூரத்தில் நின்று பார்க்கிற பெனருக்கு ஓரளவு போதும். தமிழ் எழுத்தை ஒருபோதும் மொடலிடம் வரையக் கேட்காதீர்கள். திறந்த மொடல்கள் கொம்பையும் புள்ளியையும் கண்டபடி போடும். எழுத்தை வழமைபோல் கோரல் டிரோவில் வையுங்கள்.

எழுத்து வேலைக்குக் கோப்பாக வைக்க, கூகுளின் திறந்த மொடலான ஜெம்மா 3 இன் 4 பில்லியன் அளவுருக்கள் கொண்ட சின்ன வடிவம் 8 ஜிபி ரேமிலும், 12 பில்லியன் கொண்டது 16 ஜிபியிலும், மொடல்களைக் கொம்பியூட்டரில் ஓட்டும் ஒல்லாமா என்ற மென்பொருள் மூலம் ஓடும். சுருக்கம் எழுதவும் பருமட்டான மொழிபெயர்ப்புக்கும் ஆகும். வாடிக்கையாளருக்கு அனுப்பும் கடிதத்தை அதை நம்பி அனுப்ப முடியாது. வேற்றுமை உருபு பிழைக்கும், இல்லாத சொல்லையும் ஆக்கும்.

காத்தான்குடி, சாய்ந்தமருதுக் கடைகளுக்கு வாட்ஸ்அப் பதில் இயந்திரம் செய்து கொடுக்கும் சின்ன மென்பொருள் குழுக்களுக்குச் சுருக்கமாக: மொடலின் பெயரை நிரலுக்குள் பல இடத்தில் எழுதாமல் அமைப்புக் கோப்பில் ஒரு இடத்தில் வையுங்கள். திகதி போட்ட பதிப்பையே குறிப்பிடுங்கள். பொதுப்பெயரைக் குறிப்பிட்டால் கம்பனி நினைத்த நாளில் உள்ளே மாறும். மொடலை நிறுத்துமுன் தரும் அறிவித்தல் காலம் ஒரே அளவாக இருப்பதில்லை. ஓபன்ஏஐ 2023 மார்ச்சில் நிரல் எழுதும் கோடெக்ஸ் மொடல்களைச் சில நாள் அவகாசத்தில் நிறுத்துவதாகச் சொன்னது. மென்பொருளோடு உதவியாளரை இணைக்கும் அசிஸ்டன்ட்ஸ் ஏபிஐக்கு 2025 ஓகஸ்ட் 26 முதல் ஒரு முழு வருடம் கொடுத்தது. அந்த்ரோபிக் வெளியிட்ட மொடல்களுக்குக் குறைந்தது 60 நாள் என்கிறது. ஆவணத் தேடலுக்கு எம்பெடிங் (ஆவணத்தை எண் வரிசையாக மாற்றும் முறை) பாவித்திருந்தால், மொடல் மாறும் நாளில் எல்லா ஆவணத்தையும் திரும்பக் கணிக்க வேண்டும். ஒரு மொடலின் எண்களை இன்னொன்று விளங்கிக்கொள்ளாது. மூல ஆவணங்களை வீசிவிட்டு எண்களை மட்டும் வைத்திருப்பவர் அந்த நாளில் கைவிடப்படுவார். கம்பனி மாறும்போது விலைப்பட்டியலை மட்டும் ஒப்பிடாமல், ஒரு பக்கத் தமிழை இரண்டிலும் கொடுத்து டோக்கன் எண்ணிக்கையைப் பாருங்கள். சொல்வெட்டு முறை வேறுபட்டால் மலிவான விலை மலிவாக முடியாது.

சேர்த்து வைத்த வேலையைச் சேவையிலிருந்து வெளியே எடுப்பதில் பெரிய சேவைகள் மூன்றும் திருப்தி. சாட்ஜிபிடியில் செட்டிங்ஸ், டேட்டா கன்ட்ரோல்ஸ், எக்ஸ்போர்ட். மின்னஞ்சலில் வரும் இணைப்பு 24 மணித்தியாலத்தில் காலாவதியாகும்; ஆகவே நல்ல இணைப்புள்ள நேரத்தில் கேளுங்கள். க்ளோடில் செட்டிங்ஸ், பிரைவசிக்குள் அதே வசதி. ஜெமினிக்குக் கூகுள் டேக்அவுட்டில், மை அக்டிவிட்டியின் கீழ் ஜெமினி அப்ஸைத் தெரிவு செய்ய வேண்டும். ஜெமினி என்று மட்டும் தெரிவு செய்தால் உரையாடல்கள் வராது, பலர் தடுமாறுவது இங்கேதான். நீங்களாகச் செய்த தனிப்பயன் உதவியாளர்களின் அறிவுறுத்தல்களை எக்ஸ்போர்ட்டை நம்பாமல் கையால் கொப்பி எடுத்து வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் போதும்.

காசு கட்டும் பக்கம். டெபிட் காட்டில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவைத் திறந்துவிடும்படி வங்கிக்குச் சொல்ல வேண்டியிருக்கும். கொடுப்பனவு மறுக்கப்பட்டால் பெரும்பாலும் காரணம் இதுதான். சாட்ஜிபிடியின் மலிவான கோ திட்டம் 2025 ஒக்டோபரில் இலங்கைக்கும் வந்தது. ரியூசன் ஆசிரியருக்கு அது போதும், 20 டொலர்த் திட்டம் வீண். வாட்ஸ்அப் குழுக்களில் விற்கும் பகிர்வுக் கணக்கை வாங்க வேண்டாம்: மற்றவர் உங்கள் வாடிக்கையாளரின் ஆவணத்தைப் பார்ப்பார், கடவுச்சொல்லை மாற்றினால் எக்ஸ்போர்ட் கூட எடுக்க முடியாது. பிளே ஸ்டோர் வழியாகக் கட்டியவர்கள் நிறுத்துவதும் அங்கேதான். செயலியை அழித்தால் சந்தா நிற்காது, அடுத்த மாதமும் காசு வெட்டும்.